அண்ணன் நின்ற இடம்

சீனாக்காரன் சண்டை ஓய்ந்த மறு பங்குனியில் வேல்சாமி லீவில் வந்து இறங்கியபோது செங்காலேந்தல் ஊர் முழுக்க மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. கோயில் பொட்டல், கண்மாய்க்கரை, வண்டிப்பாதையின் ஓரம் என்று கால் வைக்க இடமில்லை. தொண்டிப் பக்கமிருந்து வந்த கடல்காற்று குண்டு மிளகாயின் நெடியை அள்ளிக்கொண்டு வந்து மூக்கில் ஏற்றியது. டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு தும்மித் தும்மி நடந்தான். மிளகாய் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"ஏய்யா வேலு, அண்ணனப் பத்தி எதும் தெரிஞ்சுச்சா?"

எல்லாரும் அதையே கேட்டார்கள். அவர்களுக்குப் பட்டாளம் என்றால் ஒரே ஊர். அந்த ஊரில் இருக்கும் அண்ணனைத் தம்பி பார்க்காமல் எப்படி இருப்பான்? வேல்சாமியோ பெங்களூரில் புது ஆட்களுக்குப் பாலம் கட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அண்ணன் ராக்கப்பன் இருந்தது அஸ்ஸாமுக்கும் அந்தப் பக்கம், நேபா மலையில். இருவருக்கும் ஒரே வேலைதான். சாலை போடுவது, பாலம் கட்டுவது, வேண்டி வந்தால் கட்டிய பாலத்தையே வெடி வைத்துத் தகர்ப்பது. தம்பி நாயக், சட்டைக் கையில் இரண்டு பட்டை. அண்ணன் ஹவில்தார், மூன்று பட்டை.

கார்த்திகையில் தந்தி வந்தது, ஹவில்தார் ராக்கப்பனைக் காணவில்லை என்று. பின்வாங்கி வருகையில் கடைசி லாரி தாண்டியதும் பாலத்தைத் தகர்க்க நாலு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனானாம். வெடிச்சத்தம் கேட்டதாம். போனவர்களில் ஒருவரும் வரவில்லை. அந்தக் கம்பெனியிலிருந்து காடு மேடு கடந்து தப்பி வந்த ஒருவன்தான் பெங்களூர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு இவ்வளவும் சொன்னான். அவனுடைய கால்விரல்கள் பனியில் கருகிப் போயிருந்தன. வேல்சாமி அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டான்.

வீட்டில் ஆத்தா இருளாயி மகனைத் தொட்டுத் தடவிப் பார்த்தாள். கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நேத்தும் வந்தான்யா."

"யாரு?"

"ஒங்கண்ணன்தான். கொல்லப்பக்கம் நின்னு இருமுனான். அவன் இருமுறது எனக்குத் தெரியாதா? மூணு தடவ இருமிட்டு ஒரு தடவ காறுவான். நான் எந்திரிச்சுக் கதவத் தெறக்கங்குள்ள போயிட்டான்."

வேல்சாமி களியை உருட்டிய கையை நிறுத்தினான். அடுப்படியில் நின்ற அண்ணன் பெண்டாட்டி ராமலெட்சுமி குழம்புச் சட்டியோடு வந்து குனிந்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது. கழுத்தில் தாலி கிடந்தது. கமுதிப் பக்கத்துப் பெண். குழந்தை இல்லை. தை மாதம் அவளுடைய அண்ணன்மார் வண்டி கட்டி வந்து கூப்பிட்டதாகவும் அவள் போகவில்லை என்றும் வேல்சாமி கேள்விப்பட்டிருந்தான்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்தவா கொழுந்தனாரே?" என்றாள். ஆத்தா சொன்னதை அவள் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் சுபேதார் மருதுபாண்டி வந்தார். பர்மாச் சண்டையில் இருந்து பென்ஷன் வாங்கி வந்தவர். சுற்றுப்பட்டில் யார் பட்டாளத்துக்குப் போனாலும் முதலில் அவரிடம் மார்பு அளந்துவிட்டுத்தான் போவார்கள். இந்த வீட்டு அண்ணன் தம்பி இருவரையும் ஆள் எடுக்கும் இடத்துக்குக் கூட்டிப்போய் விட்டவரும் அவர்தான். சாக்கை உதறிப் போட்டு உட்கார்ந்து மீசையைத் தடவினார்.

"ஏலே வேலு, டிப்போவுல என்ன பேசிக்கிறாய்ங்க?"

"ஆள் எடுத்துக்கிட்டே இருக்காய்ங்க மாமா. புதுசு புதுசா கம்பெனி போடுறாய்ங்க. ஹவில்தாருக்குத்தான் பஞ்சம்."

"ஒம் பேரு காடர்ல வந்திருக்காமே?"

காடர் என்பது பட்டை கூடுவதற்கு முன்னால் வைக்கும் பயிற்சி. தேறினால் ஹவில்தார். வேல்சாமி ஏற்கெனவே இரண்டு தடவை போய்த் தோற்றவன். பாலம் கட்டுவதில், வெடி வைப்பதில், பாடம் நடத்துவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. பரேடு மைதானத்தில் நின்று கமாண்டு கொடுக்கச் சொன்னால்தான் குரல் கீறிக்கொண்டு போகும். கடைசி வரிசையில் நிற்பவனுக்குக் கேட்காது. முன்வரிசையில் நிற்பவன் சிரிப்பை அடக்குவான். இந்தத் தடவையும் போனால் நாயக்காகவே பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்து மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதுதான்.

"வந்திருக்கு மாமா. வைகாசியில."

"தேறிட்டா எந்தக் கம்பெனி?"

வேல்சாமி அடுப்படிப் பக்கம் ஒருதரம் பார்த்தான். "அண்ணங் கம்பெனிதான். அங்கனதான் வேக்கன்சி இருக்காம்."

உள்ளே அம்மியில் அரைபட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றது. ஆத்தா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"வேக்கன்சின்னா என்னண்ணே?"

சுபேதார் தொண்டையைச் செருமினார். "அது வந்து தங்கச்சி, எடம் காலியா இருக்குன்னு சொல்றது."

"யாரு எடம்?"

முற்றத்தில் கோழி ஒன்று சாக்கின் ஓரத்தைக் கிளறியது.

"எம் மகன் எடமா? அப்ப அவன் வந்து நின்னா எங்கன நிப்பான்? தம்பி அண்ணன் எடத்துல ஏறி நின்னுக்கிட்டு, நீ போடா வெளியன்னு சொல்லுவானா?"

"பட்டாளத்துல எடத்தக் காலியாப் போட்டு வைக்க மாட்டாய்ங்க தங்கச்சி. முன்னால நிக்கிறவன் இல்லன்னா பின்னால நிக்கிறவன் ஒரு எட்டு முன்னால வச்சு நிப்பான். இல்லன்னா வரிசையில ஓட்ட விழுந்துரும். வேலு போகலன்னா பஞ்சாபிக்காரனோ மலையாளத்தானோ வந்து நிக்கப்போறான். எனக்கு மட்டும் சுபேதாரு சும்மாவா வந்துச்சு? எனக்கு முன்னால கொல்லங்குடிக்காரன் ஒருத்தன் இருந்தான். ஆத்தங்கரையில, குளிச்சுக்கிட்டிருக்கையில..."

அவர் நிறுத்திக்கொண்டார்.

"இன்னைக்கும் யாராச்சும் சுபேதாருன்னு கூப்புட்டா, அவன் திரும்புறானான்னு பாத்துட்டுத்தான் நான் திரும்புறது."

ஆத்தா உள்ளே போய்விட்டாள். அன்று முழுக்க அவள் வேல்சாமியோடு பேசவில்லை.

இரண்டொரு நாள் கழித்து அவன் கோயில் பொட்டலில் மிளகாய் அள்ளிச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தபோது ராமலெட்சுமி பக்கத்தில் வந்து குத்தவைத்து, சோடைக்காயைப் பொறுக்கத் தொடங்கினாள். கண் மிளகாயிலேயே இருந்தது.

"கமாண்டுலதான போச்சு?"

"ஆமா மதினி."

"அவுகளும் மொதத் தடவ அதுலதான் போனாக. தெரியுமா?"

வேல்சாமிக்குத் தெரியாது. அண்ணன் குரல் பிறக்கும்போதே அப்படி என்று நினைத்திருந்தான்.

"கல்யாணம் ஆன புதுசு. லீவுல வந்திருந்தாக. வெள்ளன எந்திரிச்சுக் கம்மாய்க்குள்ள கூட்டிட்டுப் போவாக. நான் அந்தக் கடேசி, மடைக்கிட்டப் போயி நிக்கணும். அவுக இந்தக் கடேசியில நின்னு கத்துவாக. காதுல விழுந்தா நான் கையத் தூக்கணும். ஊரே சிரிச்சுச்சு. அந்த லீவு முச்சூடும் அதான் வேல எங்களுக்கு." அவள் பொறுக்கிய காயைத் தள்ளி வைத்தாள். "நீங்க வாங்க. நான் நிக்கிறேன்."

"ஆத்தாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும். அங்கன எவனோ ஒருத்தன் போகப்போறான்ல? நீங்க போனா அந்த மலையக் கண்ணால பாப்பீக. அந்தப் பாலம் இருந்த எடத்தப் பாப்பீக. எனக்கு யாராச்சும் பாத்துட்டு வந்து சொல்லணும்."

கண்மாய் வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் கொஞ்சம் சேறு. அதில் இரண்டு கொக்கு. வேல்சாமி இந்தக் கரையில் நின்றான். ராமலெட்சுமி கருவேல மரங்களைத் தாண்டி மடைக்குப் பக்கத்தில் சின்னதாகத் தெரிந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, விறைத்து நிற்கச் சொல்லும் இந்திக் கமாண்டைக் கத்தினான்.

"சாவ்தான்!"

குரல் கண்மாய்க்குள் கொஞ்ச தூரம் போய் விழுந்துவிட்டது. கொக்குகூடத் திரும்பவில்லை. அவள் கை உயரவில்லை. மறுபடி கத்தினான். மறுபடியும் உயரவில்லை. வெயில் ஏறி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்வரை கத்தினான். கடைசியில் அவளே வெடிப்புகளைத் தாண்டித் தாண்டி நடந்து வந்தாள்.

"தொண்டையில கத்துறீக. அவுக இங்கனருந்து எடுப்பாக." அடிவயிற்றில் கையை வைத்துக் காட்டினாள். "'சா'ன்னு எடுத்து வல இழுக்குற மாரி இழுக்கணும். அப்பறம் 'தான்'ங்கிறதச் சட்டுன்னு அறுத்துரணும். நடுவுல மூச்சு விட்டா கெட்டுது."

"எப்பிடி?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டு, சத்தமில்லாமல், முனகுவதுபோலச் சொல்லிக் காட்டினாள். பெண்குரல்தான். ஆனால் அந்த இழுப்பு, இழுத்து முடிக்கும்போது லேசாக மேலே ஏறுகிற அந்தத் திமிர், அத்தனையும் அண்ணன். அவனுக்குச் சின்ன வயதில் கிணற்றில் நீச்சல் பழக்கும்போது 'குதிலே' என்று மேலிருந்து அண்ணன் போட்ட அதட்டல் அது.

தினமும் போனார்கள். இழுக்க வந்தது. அறுக்கத்தான் வரவில்லை. பிறகு அதுவும் கொஞ்சம் வந்தது. மடைக்குப் பக்கத்தில் அவள் கை பாதி உயர்ந்து, சந்தேகத்தோடு இறங்கும். ஒருநாள் முழுசாக உயர்ந்தது. வேல்சாமி துண்டைச் சுழற்றிக்கொண்டு குதித்தான்.

அதற்கு அடுத்த நாள் அது நடந்தது. காற்றே இல்லாத காலை. அவன் எதையும் நினைக்காமல் காலை அகட்டி நின்றான். வயிற்றிலிருந்து எடுத்தான்.

"சாஆஆவ்... தான்!"

குரல் நேரே போய் எதிர்க்கரையில் மோதித் திரும்பி வந்தது. கொக்குகள் எழும்பிப் பறந்தன. கரைமேல் மிளகாய் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் அப்படி அப்படியே நின்றார்கள். பனைமரத்தில் பதநீர் இறக்கிக்கொண்டிருந்தவன் கலயத்தை இடுப்பில் மாட்டாமல் கையில் பிடித்தபடி கீழே பார்த்தான். வேல்சாமியே தனக்குப் பின்னால் யார் நிற்பது என்று திரும்பிப் பார்த்துவிட்டான். பின்னால் யாருமில்லை.

மடைக்குப் பக்கத்தில் ராமலெட்சுமி கையைத் தூக்கவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

கரை மேலே ஆத்தா ஓடி வந்தாள். கை நிறைய ஈரமாவு. தலைமுடி அவிழ்ந்து முதுகில் அடித்தது.

"ராக்கப்பா! ஏய்யா ராக்கப்பா! வந்துட்டியா எஞ் சாமி!"

சரிவில் சறுக்கிக்கொண்டே இறங்கி வந்தவள் வேல்சாமியைப் பார்த்ததும் நின்றாள். அவள் மார்பு ஏறி இறங்கியது. அவன் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"நாந்தான் ஆத்தா. நாந்தான் கத்துனேன்."

"நீயில்ல," என்றாள். அழவில்லை. கோபப்படவும் இல்லை. "எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு வந்த வழியே மெதுவாகத் திரும்பிப் போனாள்.

அன்று மத்தியானம் அவள் வேல்சாமியோடு பேசினாள். சண்டையே இல்லாததுபோலப் பேசினாள். தொண்டிக்குப் போய்க் கிழங்கான் மீன் வாங்கி வரச்சொன்னாள். கிழங்கான் என்றால் அண்ணனுக்குத்தான் உயிர்; வேல்சாமிக்குப் பிடிக்காது, முள் என்று ஒதுக்கிவிடுவான். அவளுக்கே தெரியும். அவன் சைக்கிளை எடுத்தான்.

தொண்டிக் கடற்கரையில் வள்ளங்கள் வந்து அடைந்திருந்தன. பெண்கள் கூடையோடு முட்டிமோதிக்கொண்டு நின்றார்கள். வேல்சாமி ஒரு வள்ளத்தின் ஓரம் குனிந்து மீன் பார்த்துக்கொண்டிருக்கும்போது முதுகில் பளீரென்று ஓர் அடி விழுந்தது.

"அட பாவி ராக்கப்பா! எப்படா வந்த?"

திரும்பினான். அடித்தவரின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வடிந்தது. பாக்கர், அண்ணனோடு தொண்டிப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். இப்போது சொந்தமாக இரண்டு வள்ளம் விடுகிறார்.

"தம்பியா? பின்னாலருந்து பாக்க அவனேதான். நிக்கிறதுகூட. மனசுல வச்சுக்காதப்பா."

"பரவால்லண்ணே."

பாக்கர் காசு வாங்காமல் மீனைப் பனையோலைக் கொட்டானில் அள்ளிப் போட்டார். பிறகு அவனைக் கவிழ்த்துப் போட்டிருந்த ஓடம் ஒன்றின் நிழலுக்குக் கூட்டிப் போனார். கடல் தகடுபோலக் கிடந்தது.

"சேதி ஒண்ணும் இல்லியா?"

"சீனாக்காரன் புடிச்சு வச்சிருக்கிறவுகள விடுறான்னு சொல்றாக. அதுல பேரு வந்தா உண்டு."

"வரலன்னா?"

வேல்சாமி மணலைக் கிளறினான்.

"எங்க சாச்சா ஒருத்தர், யாழ்ப்பாணத்துக்குச் சரக்கு ஏத்திட்டுப் போன தோணி, ஆளும் வரல, பலகையும் வரல. எங்க சாச்சி வாசல்லயே நின்னுச்சு. மழை இல்ல, வெயில் இல்ல, நின்னுக்கிட்டே இருந்துச்சு. கடேசியில பெரியவுக எல்லாம் கூடிப் பேசி, பள்ளிவாசல்ல காயிப் ஜனாஸா தொழ வச்சாக. மையித்து இல்லாட்டியும் தொழலாம்ப்பா எங்கள்ல. ஆள் எங்கன கெடந்தாலும் தொழுக போய்ச் சேந்துரும். அன்னைக்குத்தான் சாச்சி வீட்டுக்குள்ள போயி உக்காந்து அழுதுச்சு. நாலு மாசம் பத்து நாளு வெளிய வராம இத்தா இருந்துச்சு. அப்பறம் எந்திரிச்சு வேலையப் பாத்துச்சு." பாக்கர் அவனைப் பார்த்தார். "ஒங்கள்ல இதுக்கு என்ன செய்வீக?"

"தெரியலண்ணே," என்றான் வேல்சாமி. உண்மையிலேயே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மீனைக் கொடுத்தான். ஆத்தா குழம்பு வைத்து, முள்ளை ஆய்ந்து ஆய்ந்து அவன் வட்டிலில் வைத்தாள். அவன் தின்றான்.

லீவு முடிந்து போனான். வைகாசியில் காடர் நடந்தது. பரேடு மைதானத்தில் வேல்சாமி கமாண்டு கொடுத்தபோது சோதிக்க வந்த மேஜர் தொப்பியைச் சற்று ஏற்றிவிட்டுக்கொண்டு அவன் பெயரை விசாரித்தார். போன தடவை சிரிப்பை அடக்கியவன் இந்தத் தடவை முன்வரிசையில் விறைத்துக்கொண்டு நின்றான். தேறிவிட்டான். அதே சமயம் சீனாக்காரன் பிடித்து வைத்திருந்தவர்களை எல்லாம் விட்டு முடித்தான். வந்து சேர்ந்தவர்களில் ராக்கப்பன் இல்லை. அவனோடு பாலத்துக்குப் போன நாலு பேரும் இல்லை. இறந்ததாகக் கொள்வது என்று பட்டாளத்தில் முடிவு செய்து வீட்டுக்கும் எழுதினார்கள். வேல்சாமி சட்டைக் கையில் மூன்று பட்டை தைத்துக்கொண்டான். நேபாவுக்குப் போகுமுன் ஊருக்குப் போய்வர நாலைந்து நாள் கொடுத்தார்கள்.

ஆடி மாதம். புழுதிக்காற்று. உடுப்போடு அவன் வாசலில் நுழைந்தபோது ஆத்தா முறத்தில் குதிரைவாலி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை வேல்சாமி இதற்கு முன் பார்த்ததில்லை.

"வாய்யா ராக்கப்பா. என்னய்யா இப்பிடி எளச்சுட்ட?"

"ஆத்தா, நான் வேலு."

அவள் சிரித்தாள். "தம்பி பேரச் சொல்லி வெளாடுறியா? தம்பின்னா ஒனக்கு உசுருதான். ஏத்தா ராமலெச்சுமி! ஒம் புருசன் வந்திருக்கான் பாரு. காலுக்குத் தண்ணி கொண்டா."

ராமலெட்சுமி செம்பில் தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி நின்றாள். அவள் மெலிந்திருந்தாள். பொட்டும் தாலியும் அப்படியே இருந்தன. அன்று சாயங்காலமே பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் படுக்கப் போய்விட்டாள்.

மூன்று வேளையும் ஆத்தா அருகில் உட்கார்ந்து பரிமாறினாள். அண்ணன் சிறுவயதில் பனங்காய் வண்டி ஓட்டி விழுந்து பல் உடைத்ததை, அய்யா செத்த அன்றைக்கு அவன் ஒருத்தனே நின்று எல்லாம் செய்ததை, அவனிடமே சொன்னாள். இடையில் 'ஒனக்கு ஞாபகம் இருக்கா?' என்று கேட்பாள். முதலில் அவன் மறுத்தான். மறுத்தால் அவள் கண்ணில் ஒரு கலக்கம் வந்து, எங்கோ வழி தவறியவள்போல முற்றத்தைப் பார்ப்பாள். இரண்டாம் நாள் அவன் 'இருக்கு ஆத்தா' என்றான். இப்போதெல்லாம் கொல்லையில் இருமல் சத்தம் கேட்கிறதா என்று கேட்டுப் பார்த்தான். "நீதான் வந்துட்டியே, இனி எவன் வந்து இருமப் போறான்?" என்றாள் அவள்.

சுபேதார் அவனைக் கண்மாய்க்கரையில் நிறுத்திப் பேசினார்.

"ஏலே, ஊருல ஒரு பேச்சு ஓடுது. அண்ணன் பொண்டாட்டியத் தம்பி கட்டிக்கிறது நம்மள்ல இல்லாத வழக்கமும் இல்ல. ஆளும் இல்லன்னு ஆகிப்போச்சு. அந்தப் புள்ளைக்குச் சின்ன வயசு. ஒங்க ஆத்தாவுக்கும் புத்தி இப்பிடி ஆகிப்போச்சு. கமுதிக்குப் போயி அவ அண்ணன்மாருகிட்டக் கேட்டுட்டேன். அவுகளுக்குச் சம்மதந்தான். நீ அண்ணன் எடத்துக்கு வந்துட்ட. அதையும்..."

"வேணாம் மாமா."

"யோசிச்சுச் சொல்லுலே."

"வேணாம்," என்றான்.

ராமலெட்சுமியை ஊருணிக்கரையில் பார்த்தான். குடத்தை அமுக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் உள்ளே போகும் சத்தம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொல்லத் தொடங்கினான். அவள் முந்திக்கொண்டாள்.

"சுபேதாரு எங்கிட்டயும் வந்தாக. பட்டாளத்துல அவுக எடம் காலின்னு சொல்லிட்டாக. நீங்க போயி நிக்கிறீக. அது சரி. அதுக்கு நாந்தான் ஒங்களப் பழக்குனேன். ஆனா நான் வேக்கன்சி இல்ல கொழுந்தனாரே."

"நான் கேக்க வரல மதினி. வேணாம்னு சொல்லிட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

சொல்லும்போதே அது முழு உண்மை இல்லை என்று அவனுக்குப் பட்டது. சுபேதார் கேட்டபோது, வேணாம் என்று வாய் சொல்வதற்கு முன்னால் ஒரு கணம், கண்மாயின் மறுகோடியில் உயர்ந்து நின்ற அந்தக் கையை அவன் நினைத்திருந்தான். அவள் அதைக் கண்டுகொண்டாளோ என்னவோ, குடத்தைத் தூக்காமல் நின்றாள்.

"நீங்க கமுதிக்குப் போயிருங்க மதினி. இங்கன கெடந்து என்ன செய்யப்போறீக?"

"எப்பிடிப் போறது? அந்தா அந்த வீட்டுல எம் புருசன் மூணு வேளையும் உக்காந்து சாப்புடுறாக. லீவு முடிஞ்சு வேலைக்குப் போறாக. புருசன் கல்லு மாரி இருக்கையில தாலியக் கழத்தி வச்சுட்டு எங்கடி போறன்னு ஒங்க ஆத்தா கேட்டா நான் என்ன சொல்ல?" அவள் குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் நான் செஞ்சதுதான். ஒங்களுக்கு ஒத்தாசன்னு நெனச்சேன். இன்னொரு தடவ அந்தக் கொரலக் கேக்கணும்னு இருந்துச்சு. கேட்டுட்டேன். போதும். நீங்க எங்கனயும் போயிக் கத்துங்க. இந்த ஊருக்குள்ள மட்டும் அத எடுக்காதீக."

"எடுக்க மாட்டேன்."

"அந்தப் பாலம் இருந்த எடத்தப் பாத்தா, ஒரு கல்ல எடுத்து வைங்க. யாருக்கும் சொல்ல வேணாம். எனக்கு மட்டும் எழுதுங்க, வச்சுட்டேன்னு."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

கிளம்பும் நாளில் ஆத்தா விடியுமுன்பே எழுந்து புளிச்சோறு கிளறி, பனையோலைப் பெட்டியில் கட்டினாள். மூன்று பேரும் ரோட்டுக்கு நடந்தார்கள். ஆத்தா முன்னால் போனாள். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் நின்று, மூத்தவன் வேலைக்குப் போகிறான் என்று சொல்லிக்கொண்டே போனாள். அவர்கள் வேல்சாமியையும் ராமலெட்சுமியையும் பார்த்துவிட்டு, நல்லபடியாகப் போய்வரட்டும் என்றார்கள்.

ராமநாதபுரம் போகும் பஸ் வந்து நின்றது. டிரங்குப் பெட்டி மேலே ஏறியது. வேல்சாமி குனிந்து ஆத்தாவின் காலைத் தொட்டான். அவள் அவனை நிமிர்த்தி, சட்டைக் கையில் இருந்த பட்டைகளைத் தடவிக்கொண்டே குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"ஏய்யா, அங்கன போனா வேலுவப் பாப்பேல்ல?"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கண் நிறைந்து நின்றது.

"பங்குனியில வந்தான். நான் மொகங் குடுத்தே பேசல அவங்கிட்ட. அண்ணன் எடத்துக்கு ஆசப்பட்டுட்டானேன்னு எனக்குக் கோவம். அப்பறம் அவனப் பாக்கவே முடியல. எங்கன போனான்னும் தெரியல. யாரக் கேட்டாலும் சொல்ல மாட்டேங்குறாக. ஆத்தாவுக்குக் கோவமெல்லாம் இல்ல, ஒரு தடவ வந்து மொகத்தக் காட்டிட்டுப் போகச் சொல்லுய்யா."

கண்டக்டர் விசிலை ஊதினான். நான்தான் வேலு என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். தொண்டையில் அந்தப் பழைய கீறல் குரலைத் தேடினான். அது அகப்படவில்லை.

"சொல்றேன் ஆத்தா," என்றான்.

அடிவயிற்றிலிருந்து, இழுத்து, கடைசியில் அறுத்துக்கொண்டு வந்தது அது. ராமலெட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பஸ் நகர்ந்தது. பின்பக்கக் கண்ணாடி வழியே பார்த்தான். வீட்டுக்குப் போகலாம் என்று ராமலெட்சுமி ஆத்தாவின் கையைப் பிடித்து இழுத்தாள். ஆத்தா கையை உதறிவிட்டு மைல்கல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவன் போகும் திசையை அவள் பார்க்கவில்லை. எதிர்த்திசையில், அடுத்த பஸ் வரவேண்டிய ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.